ஒரே குடும்பம், ஒரே பாஸ்வேர்டு

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்தவளாம். "மேடம், வெள்ளி விழா மலர் போடறோம். பேரு 'நம் குடும்பம்'. ரிடையர் ஆனவுங்க எல்லாம் ரெண்டு பக்கம் எழுதித் தர்றாங்க. நீங்க டேட்டாபேஸ் அட்மினா இருந்தீங்கல்ல, அந்த இனிமையான அனுபவத்த எழுதுங்க மேடம்" என்றாள்.

இனிமையாம்! சிரிப்பு வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது. அந்தப் பெண் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. "எழுதித் தரேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். இதோ எழுதுகிறேன். மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு.

என் பெயர் பிலோமினா. கடலூர் முதுநகர்க்காரி. கணிதம் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்ட்டரில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள், நான் ஒதுங்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனேன், படித்தேன், வந்தேன். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. வேலையை உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேனேஜர் சபாநாயகம் சார்.

டேட்டாபேஸ் என்றால் இன்றைக்கும் என் தங்கைக்குப் புரியாது. அவளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். நோயாளி பெயர், ரத்த வகை, டெஸ்ட் ரிசல்ட், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் கடலூரில் ஒரு குளிர் அறையில் இருந்த சர்வருக்குள் போய் உட்காரும். கடலூர் மெயின் ஆஸ்பத்திரியில் தட்டினாலும் சிதம்பரம் கிளையில் தட்டினாலும் அங்கேதான் போகும். அதில் ஒரு வரிகூடத் தொலையாமல், திரையில் கேட்டவுடன் வருகிற மாதிரிப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் போனதும் பிழைப் பதிவைப் படிப்பேன். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, முந்தின நாள் பேக்கப் முடிந்ததா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏதாவது நின்றுபோனால் ஆஸ்பத்திரி முழுக்க என் பெயர்தான் அடிபடும்.

சபாநாயகம் சார் வேலை கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். "பேக்கப் எடுத்தேன்னு எங்கிட்ட சொல்லாதம்மா. திருப்பிப் போட்டுப் பாத்தேன், வந்துச்சுன்னு சொல்லு" என்பார். அதனால் மாதம் ஒருமுறை பழைய மெஷின் ஒன்றில் பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்ப்போம். இன்னொன்று, எதையாவது அழிக்கிற கட்டளை என்றால் தட்டச்சு செய்துவிட்டுக் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு, எழுதியதை வாய்விட்டு ஒரு தரம் படிக்க வேண்டும். அப்புறம்தான் ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் ஏதோ ஜெபம் செய்கிறாள் என்று நினைப்பார்கள். நான் கடைசி நாள் வரை அப்படித்தான் செய்தேன்.

அவர் எழுதும் எந்தக் கட்டளைக்கும் முதல் வரி பிள்ளையார் சுழி. இரண்டு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் ஆங்கில எழுத்து u. அப்படிக் கோடு போட்ட வரியை மெஷின் கண்டுகொள்ளாது. அவரிடம் வேலை கற்ற எல்லாருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் ஒருநாள் u-வுக்குப் பதில் சிலுவை மாதிரி ஒரு கூட்டல் குறி போட்டேன். பார்த்துவிட்டு, "அதுவும் சாமிதானம்மா, போடு போடு" என்று சிரித்தார். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். நல்ல மனிதராக இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது பாஸ்வேர்டு கதைக்கு வருகிறேன்.

2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. நான் கோயிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. உயிரோடு வந்தவர்கள், உயிர் இல்லாமல் வந்தவர்கள், தேடிக்கொண்டு வந்தவர்கள். பதிவு செய்யும் புரோகிராமில் நுழைய எங்கள் நாலைந்து பேருக்குத்தான் லாகின் இருந்தது. ஒவ்வொருவருக்கும் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? சார் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். 'அமைதி காக்கவும்' என்று போர்டு இருந்தது. டேட்டாபேஸின் தலைமை லாகினுக்கு amaidhi என்று பாஸ்வேர்டை மாற்றி, வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார். "யாருக்கெல்லாம் டைப் அடிக்கத் தெரியுமோ, எல்லாரும் உக்காருங்க!" என்று கத்தினார்.

நர்ஸ் உட்கார்ந்தாள். கேன்டீன் கேஷியர் உட்கார்ந்தார். நோயாளியோடு துணைக்கு வந்த ஒரு காலேஜ் பையன்கூட உட்கார்ந்தான். பெயர், ஊர், தெரியாவிட்டால் சட்டை நிறம். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்து "பச்ச சட்ட, பச்ச சட்ட" என்று மட்டும் சொல்லிக்கொண்டே நின்றாள். பச்சை என்று தேடினோம். அவள் பிள்ளை மாடி வார்டில் இருந்தது. சபாநாயகம் சார் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு நாங்கள் நிஜமாகவே ஒரே குடும்பம்தான்.

அதற்கப்புறம் அந்தப் பாஸ்வேர்டை எடுத்திருக்க வேண்டுமா இல்லையா? எடுக்கவில்லை. சுலபமாக இருக்கிறதென்று எல்லாரும் அதிலேயே பழகிவிட்டார்கள். புதிதாக எழுதிய புரோகிராம்களுக்குள்ளேயும் அதையே பதித்து வைத்தார்கள். சிதம்பரம் கிளைக்காரர்களும் அதே தலைமை லாகினில்தான் வந்தார்கள். நான் கேட்டேன். ஒரு தரம் இல்லை, வருஷா வருஷம் கேட்டேன்.

"சார், ஆளுக்கொரு லாகின் குடுத்துடலாம் சார். நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா யாரு செஞ்சதுன்னே தெரியாது."

"நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. வீட்ல ஆளுக்கொரு சாவி வச்சிக்கிட்டா அது வீடா?"

"என் வீட்ல ஆளுக்கொரு சாவிதான் சார் இருக்குது."

"ஒனக்கு வாய் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

செல்வராணி சிதம்பரம் கிளைக்கு 2006-இல் வந்தாள். கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா மீன்பிடிக்கிறவர். வீட்டில் முதன்முதலில் காலேஜ் படியேறியவள் அவள்தான், எம்.சி.ஏ. ஒப்பந்த வேலை. சிதம்பரத்தில் மெஷின், பிரின்டர், நெட்வொர்க் எல்லாம் அவள் பொறுப்பு. நல்ல சூட்டிகை. எனக்கு ஒரு நாளைக்குப் பத்து தரம் போன் செய்து "ஏன் மேடம், எதுக்கு மேடம்" என்று உயிரை எடுப்பாள். மூன்று வருஷம் கழித்து அவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொன்னார்கள். சேர்மன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தம்பியை இன்ஜினியரிங் சேர்த்துவிட்டாள், அந்தக் கையெழுத்தை நம்பி. "நிரந்தரம்னு ஆயிடுச்சின்னா எங்கப்பாவ கடலுக்குப் போவ வேணாம்னு சொல்லிடுவேன் மேடம்" என்பாள்.

2009 மழைக்காலம். எங்கே பார்த்தாலும் காய்ச்சல். சிதம்பரம் கிளையில் உட்கார இடமில்லாத கூட்டம். காலைக் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும், செல்வராணி போன் செய்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. செவப்பு வரி காலைலேர்ந்து யாருக்குமே வரல."

சிவப்பு வரி என்பது ஒத்துக்கொள்ளாத மருந்துக்கான எச்சரிக்கை. நோயாளியின் நம்பரைப் போட்டால் பெயருக்குக் கீழே சிவப்பில் வரும். அதைப் பார்த்துத்தான் நர்ஸ் ஊசி எடுப்பாள்.

"அப்படிப்பட்ட பேஷன்ட் யாரும் வராம இருக்கலாம்டி."

"இல்ல மேடம். நம்ம டீக்கடைக்காரர் சம்சாரத்துக்கு சல்ஃபா மருந்து ஆவாதுன்னு நான்தானே கம்ப்யூட்டர்ல ஏத்துனேன்? அவுங்க நம்பர போட்டுப் பாத்தேன். அதுவும் வரல."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த அட்டவணையில் எத்தனை வரி இருக்கிறது என்று சர்வரைக் கேட்டேன். சிதம்பரம் கிளையின் எச்சரிக்கை எல்லாம் இருந்த அட்டவணை அது, டேபிள் என்போம். பூஜ்யம் என்று வந்தது. பிழை எதுவும் இல்லை. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வருகிறது, வயது வருகிறது, சிவப்பு வரி மட்டும் இல்லை. நின்று போயிருந்தால்கூட எல்லாரும் சுதாரித்திருப்பார்கள்.

"ஊசி போடறத நிறுத்தச் சொல்லுடி! ஓடு!"

ஓடினாள். ஆனால் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு அதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. அந்த மருந்து அவருக்கு ஆகாது. போன வருஷம் அதே கிளையில்தான் பதிவு செய்திருந்தார்கள். காய்ச்சலில் அவருக்குப் பேச நினைவில்லை, கூட வந்த மகனுக்கு விவரம் தெரியாது. மூச்சு முட்டி ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். செல்வராணி அன்றைக்கு வார்டு வார்டாக ஓடிச் சொன்னதால் இன்னும் எத்தனை பேர் தப்பித்தார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவள் மேல் பழி போட்டவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

நான் என் வேலையைச் செய்தேன். அழிந்ததைக் கொஞ்ச நேரத்துக்குப் பழைய நிலையில் திருப்பிக் காட்டும் வசதி ஒன்று டேட்டாபேஸில் உண்டு. அதைக் கேட்டேன். காலைக் கூட்டத்துக்குப் பதிவு செய்ததில், பழையதை வைத்திருக்கும் இடம் நிரம்பிவிட்டது, முடியாது என்று வந்தது. ஓடுகிற சர்வரில் கை வைத்தால் காலையிலிருந்து ஏறிய பதிவெல்லாம் போய்விடும். அதனால் பழைய மெஷினில் முந்தின நாள் பேக்கப்பை ஏற்றினேன். அதன்மேல், சர்வர் தான் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதிவைக்கும் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினேன். அழித்த நொடிக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு நொடி தாண்டினால் இங்கேயும் அழிந்துபோகும். நிறுத்தினேன். எல்லா வரியும் இருந்தது. அந்த ஒரு அட்டவணையை மட்டும் பிரித்தெடுத்து உண்மையான சர்வரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஓட்டினேன்.

"வந்துடுச்சி மேடம்! செவப்பு வந்துடுச்சி!" என்று செல்வராணி போனில் அழுதாள். பெரியவரும் பிழைத்துக்கொண்டார். இத்தோடு முடிந்திருந்தால் மலருக்கு இனிமையான அனுபவம் ஆகியிருக்கும்.

யார் அழித்தது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். கடைசியாக ஓடிய கட்டளைகளை சர்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். பேக்கப் ஏறிக்கொண்டிருந்த இடைவேளையில் அதைத் தேடிப் பார்த்தேன். முதல் வரி பிள்ளையார் சுழி. அடுத்த வரி, இந்த அட்டவணையிலிருந்து அழி. அவ்வளவுதான். எதை அழிக்க வேண்டும் என்று சொல்கிற நிபந்தனை வரி இல்லை.

சபாநாயகம் சார் நிபந்தனையை எப்போதும் அடுத்த வரியில்தான் எழுதுவார். நாங்கள் பயன்படுத்திய புரோகிராமில், மவுஸால் எவ்வளவு வரியைத் தேர்வு செய்கிறோமோ அவ்வளவுதான் ஓடும். மேல் இரண்டு வரியை மட்டும் தேர்வு செய்து ஓட்டிவிட்டார், அழிக்கலாம் என்று அப்படியே உறுதியும் கொடுத்துவிட்டார். முந்தின நாள்தான் என்னிடம், "சிதம்பரம் டேபிள்ல ரெட்டப் பதிவு நெறைய இருக்குதும்மா, காலைல நானே சுத்தம் பண்ணிடறேன்" என்று சொல்லியிருந்தார். மீட்டிங்குக்குக் கிளம்புகிற அவசரம். கையைக் கட்டவில்லை, வாய்விட்டுப் படிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்த மனிதர்!

மீட்டிங் முடிந்து வந்ததும் அவர் அறைக்குப் போய் நேராகக் கேட்டேன். "சார், அது நீங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. "இரும்மா, மொதல்ல டேட்டாவ கொண்டா" என்றார். டேட்டாவைக் கொண்டுவந்தேன். அதற்குமேல் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவரின் மகன் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து கத்திவிட்டுப் போனான். அவனுக்குச் சொல்ல நிர்வாகத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சேர்மன் அறைக்கு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். சார் உட்கார்ந்திருந்தார். நானும் செல்வராணியும் நின்றோம்.

"சிதம்பரம் டேபிளு. சிதம்பரத்துல யாரு இருக்கா? இந்தப் பொண்ணு" என்றார் சேர்மன். அவர் பெரிய டாக்டர், கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"சார், நான் அந்த டேபிள தொட்டதே இல்ல சார். அது இல்லன்னு சொன்னதே நான்தான் சார்" என்றாள் செல்வராணி.

"தப்பு பண்ணவங்கதான் மொதல்ல வந்து சொல்லுவாங்க."

நான் பார்த்ததைச் சொன்னேன். பிள்ளையார் சுழி, விட்டுப்போன நிபந்தனை, முந்தின நாள் சார் சொன்னது, எல்லாம். சேர்மன் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் கட்டளைல பேரு இருக்கா?"

"லாகின் பேரு இருக்குது சார். ஆனா எல்லாருக்கும் அதே லாகின். எல்லாரும் கடலூர் சர்வர் வழியாத்தான் உள்ள வர்றோம், அதனால எந்த ஊர்லேர்ந்து வந்துதுன்னும் காட்டாது."

"பிள்ளையார் சுழி இந்தப் பொண்ணும் போடுமா?"

செல்வராணியே பதில் சொன்னாள். "போடுவேன் சார். சார்தான் கத்துக் குடுத்தாரு."

"அப்போ எத வச்சி இவரைச் சொல்றீங்க பிலோமினா?"

"இதுக்குத்தான் சார் வருஷா வருஷம் ஆளுக்கொரு லாகின் கேட்டேன். இவர்தான் குடுக்க மாட்டேன்னாரு!" என் குரல் வெளி வராந்தா வரை கேட்டிருக்கும். "சார், நீங்க சொல்லுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

செல்வராணியும் அவரையே பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க சார். நான் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் சொல்லிவிடுவார் என்று நம்பினாள்.

சபாநாயகம் சார் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "குடும்பத்துல ஒரு தப்பு நடந்தா வெளில தெரியாம பாத்துக்கணும். போலீஸு கீலீஸுன்னு எதுவும் வேணாம் சார். அந்தப் பொண்ணு கௌரவமா எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும்."

இதைவிட அவர் "இவதான் செஞ்சா" என்று பொய் சொல்லியிருக்கலாம். பெரிய மனசோடு அவளை மன்னித்துவிட்ட மாதிரி அல்லவா பேசினார்! எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

செல்வராணி அங்கேயே நின்றபடி ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். "எங்கப்பாகிட்ட இன்னான்னு மேடம் சொல்லுவேன்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

வாய் ஜாஸ்தியான எனக்கும் பரிசு கிடைத்தது. அடுத்த வாரமே என்னைச் சிதம்பரம் கிளைக்கு மாற்றினார்கள். செல்வராணி உட்கார்ந்த நாற்காலியில், அவள் ஒட்டிவைத்த பூ ஸ்டிக்கர் போட்ட கீபோர்டில். தினமும் போக வர ரயிலிலும் பஸ்ஸிலும் இடுப்பு ஒடிந்தது. போன முதல் நாளே அந்தப் பாஸ்வேர்டை மாற்றினேன். மத்தியானத்துக்குள் இரண்டு ஊரிலும் பாதி வேலை நின்றுவிட்டது, புரோகிராம்களுக்குள் பழையதைப் பதித்து வைத்திருந்தார்களே. எல்லாவற்றையும் திருத்த ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். சார் போனில், "பழையபடி வச்சிடும்மா. இப்ப இருக்கிற பிரச்சன போதும்" என்றார். அப்புறமும் எழுதி எழுதிக் கேட்டேன். அவர் எனக்கு முன்னால் ரிடையர் ஆனார். மாலை, சால்வை, கண்ணீர், "நம்ம குடும்பத்தின் தலைவர்" என்று பேச்சு. நான் போகவில்லை.

இந்த வருஷம் நானும் ரிடையர் ஆனேன். பி.எஃப். விஷயமாகக் கையெழுத்துப் போட, மலருக்கு எழுதச் சொல்லிப் போன் வந்ததற்கு அடுத்த வாரம், சிதம்பரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் "மேடம்" என்று ஒரு குரல். செல்வராணி. இடுப்பில் ஒரு குழந்தை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார்களாம். விசாரித்த பிறகு யாரும் கூப்பிடவில்லையாம். ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நாள் டைப் அடித்தாள். இப்போது கிள்ளைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். தம்பி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். அப்பா இன்னும் கடலுக்குத்தான் போகிறார்.

இதையெல்லாம் யார் வீட்டுக் கதையோ மாதிரி சொன்னாள். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளை பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பினாள்.

"மேடம், ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்தப் பாஸ்வேர்ட எடுத்துட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. "இல்லடி. இன்னும் அதேதான்."

அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். லேசாகச் சிரித்தாள்.

"அப்போ என்னை மட்டுந்தான் மேடம் எடுத்தாங்களா?"